இருபத்து மூன்றும் இருபத்து மூன்றும்

அரியானா, ராஜஸ்தான் மாநிலங்களின் சிற்றூர்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வருகிறது. ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், வீட்டுப் பெண்கள் வெண்கலத் தட்டு ஒன்றை எடுத்துத் தட்டி ஒலி எழுப்புவர். அவ்வோசை தெருமுனை வரை கேட்கும். கேட்டவர் வாழ்த்துச் சொல்ல வருவர். பெண் குழந்தை பிறந்த வீட்டிலோ தட்டு அடுக்களையிலேயே இருக்கும். அண்மைக் காலத்தில் பெண் குழந்தைக்கும் தட்டை ஒலிக்கும் குடும்பங்கள் சில தோன்றியுள்ளன. ஆயினும் பழைய வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை.

தட்டு ஒலிக்காத வீட்டில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இவள் வயிற்றில் பெண்ணாகவே பிறக்கிறது" என்பதே அது. இப்பேச்சு இந்திக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபியிலும் குஜராத்தியிலும் மராத்தியிலும் இதைக் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். மொழி மாறினாலும் குற்றம் சாட்டப்படுபவர் மாறுவதில்லை. பிள்ளையைப் பெற்று, எழுந்து உட்காரவும் இன்னும் வலிமை பெறாத தாயே அவர். இக்காரணம் காட்டிக் கணவன் மறுமணம் செய்துகொண்ட குடும்பங்களும் நாட்டில் உண்டு.

இப்பேச்சு உண்மைதானா? நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாவில் வளரும் ஒரு புழுவைக் கொண்டு ஒரு பெண் அறிவியலாளர் இதற்கு விடை கண்டுவிட்டார். அவ்விடையை விளங்கிக்கொள்ள, உயிர்களின் செல்லுக்குள் நடக்கும் ஒரு பங்கீட்டை முதலில் அறிதல் வேண்டும்.

வண்ணம் ஏற்கும் உடல்

மனித உடல் கோடானுகோடிச் செல்களால் ஆனது. பெரும்பாலான செல்களின் உள்ளே உட்கரு என்னும் பகுதி உள்ளது. உட்கருவினுள் மிக நீண்ட, மிக மெல்லிய நூல்கள் அடங்கியுள்ளன. செல் இரண்டாகப் பிரியும் வேளையில் இந்நூல்கள் சுருண்டு தடித்துக் குறுங்கோல்கள் போலத் தோன்றும். இவையே குரோமோசோம்கள். தலைமுடியின் இயல்பு, கண்ணின் நிறம், குருதியின் வகை முதலியவற்றுக்கான குறிப்புகள் மரபணுக்களாக இவற்றில் வரிசையாக அமைந்துள்ளன.

குரோமோசோம் என்னும் பெயர் சாயப்பட்டறையோடு தொடர்புடையது. செல்லின் உள்ளுறுப்புகள் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் தன்மையுடையவை. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலும் எளிதில் புலப்படா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், துணிகளுக்கு ஏற்றுவதற்காக உருவாக்கப்பட்ட செயற்கைச் சாயங்களை அறிவியலாளர் செல்களின்மீது இட்டுப் பார்த்தனர். உட்கருவில் இருந்த நூல்கள் மட்டும் சாயத்தை ஆழமாகப் பற்றிக்கொண்டன. 1888ஆம் ஆண்டில் வால்டேயர் என்னும் செருமானியர், கிரேக்க மொழியில் வண்ணத்தைக் குறிக்கும் குரோமா என்னும் சொல்லையும் உடலைக் குறிக்கும் சோமா என்னும் சொல்லையும் இணைத்து இப்பெயரைச் சூட்டினார்.

மனிதச் செல்லில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன? இவ்வினாவுக்குப் பாடநூல்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறான விடையைத் தந்தன. 1923இல் பெயின்டர் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 48 என எண்ணிச் சொன்னார். நெருக்கமாகக் குவிந்து கிடக்கும் குரோமோசோம்களை எண்ணுவது அக்காலத்தில் அத்துணைக் கடினம். பின்வந்தவர் சிலர் 46 மட்டுமே கண்டபோதும், தம் ஆய்வில்தான் பிழை என்று கருதி அதனைக் கைவிட்டனர். 1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவர் செல்களை உப்புக் குறைந்த நீரில் உப்பச் செய்து, குரோமோசோம்களை ஒன்றையொன்று தொடாதவாறு பரவச் செய்தார். எண்ணிப் பார்த்தபோது 46 இருந்தன. மீண்டும் மீண்டும் எண்ணியும் 46தான். மறு ஆண்டு அவரும் ஆல்பர்ட் லெவான் என்பவரும் சேர்ந்து அதனை வெளியிட்டனர். அச்சில் வந்த எண்ணை நம்பித் தம் கண்ணை நம்பாதிருந்தவர்கள் அதன் பின்னர்த் தம் பழைய படங்களைத் திரும்பப் பார்த்தனர்.

எண்ணிக்கை மிகுந்தால் உயிரும் மேம்பட்டது என்று கொள்ளலாகாது. நெல்லுக்கு 24, பட்டாணிக்கு 14, நாய்க்கு 78. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் கேளையாடு என்னும் மானினத்தில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 மட்டுமே. பாலூட்டிகளில் இதனினும் குறைந்த எண்ணிக்கை அறியப்படவில்லை. ஒரு சாண் உயரமும் வளராத பெரணி வகை ஒன்றுக்கோ 1,260 உள்ளன.

மனிதரின் 46 குரோமோசோம்களும் 23 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது. மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது.

பாதியாக்கும் பகுப்பு

தாயின் சினைமுட்டையில் 46, தந்தையின் விந்தணுவில் 46 என இருக்குமானால், இரண்டும் சேர்ந்து உருவாகும் குழந்தைக்கு 92 இருக்கும். அக்குழந்தையின் குழந்தைக்கு 184. பத்தே தலைமுறையில் ஒரு செல்லுக்குள் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் குவிந்துவிடும். அவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே, சேர்வதற்கு முன்பே எங்கோ எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருத்தல் வேண்டும்.

இதனைக் கண்ணால் கண்டவர் பெல்ஜிய நாட்டு அறிவியலாளர் வான் பெனடன். அவர் ஆராய்ந்தது குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழு. அதன் செல்லில் நான்கே குரோமோசோம்கள், எண்ணுவதற்கு எளிது. 1883இல் அவர் கண்டது இது: புழுவின் விந்தணுவில் இரண்டு, முட்டையில் இரண்டு, இரண்டும் கூடிய கருமுட்டையில் நான்கு. தாயும் தந்தையும் சரிபாதி கொடுக்கின்றனர் என்பது ஒரு குடற்புழுவின் வழியே உலகுக்குத் தெரிந்தது.

உடலின் மற்றச் செல்கள் பிரியும்போது 46 குரோமோசோம்களும் படியெடுக்கப்பட்டு, இரு புதுச் செல்களுக்கும் 46 வீதம் சேரும். விரலில் பட்ட காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இப்பகுப்பினால்தான். ஆனால் இனச்செல்கள், அதாவது விந்தணுவும் சினைமுட்டையும், உருவாகும்போது மட்டும் வேறொரு பகுப்பு நிகழ்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பதால் அது குன்றல் பகுப்பு எனப்படுகிறது. குரோமோசோம்கள் ஒருமுறை படியெடுக்கப்படுகின்றன. செல்லோ அடுத்தடுத்து இருமுறை பிரிகிறது. முடிவில் உருவாகும் செல்களில் 23 குரோமோசோம்களே இருக்கும்.

ஏதேனும் 23 இருந்தால் போதுமா? போதாது. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள மலை மந்திர் வாசலை நினைத்துக்கொள்ளலாம். 23 பேர் கொண்ட ஒரு கூட்டம் தத்தம் காலணிகளைக் கழற்றிவிட்டு மேலே ஏறுகிறது. ஒருவர் காலணியின் அளவு மற்றொருவருக்குப் பொருந்தாது. ஆகக் காலணிகள் 46; இணைகள் 23. காலணிக் காப்பாளர் அவற்றை இரண்டு பைகளில் இட வேண்டும். கைக்கு வந்தபடி 23ஐ அள்ளி ஒரு பையில் போட்டால், ஒருவருடைய இரு காலணிகளும் அதில் இருக்கும். இன்னொருவருடையது ஒன்றும் இராது. எனவே அவர் ஒவ்வோர் இணையாக எடுத்து, ஒன்றை ஒரு பையிலும் மற்றதை அடுத்த பையிலும் இடுகிறார். இப்போது இரு பைகளிலும் எல்லார் காலணியும் ஒவ்வொன்று உண்டு. செல்லும் இவ்வாறே செய்கிறது. முதலில் ஒத்த குரோமோசோம்கள் தம் இணையைத் தேடி அருகருகே வந்து சேர்கின்றன. பின்னரே இரு திசைகளில் பிரிந்து செல்கின்றன.

இடக்கால் காலணி தாயிடமிருந்து வந்தது என்றும் வலக்கால் காலணி தந்தையிடமிருந்து வந்தது என்றும் வைத்துக்கொண்டால் இன்னொன்றும் விளங்கும். எந்தப் பையில் இடக்காலும் எந்தப் பையில் வலக்காலும் விழும் என்பதற்கு விதி ஏதுமில்லை. முதல் இணைக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டாம் இணைக்கும் இரண்டு. இவ்வாறே 23 இணைகளுக்கும். இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608 வரும். ஒரே மனிதரிடம் இத்தனை வகை இனச்செல்கள் உருவாக வழியுண்டு. தாய் தந்தை இருவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 70 லட்சம் கோடி வகைக் குழந்தைகள்! இதற்கும் மேலாக, இணை சேர்ந்து நிற்கும் வேளையில் இரு குரோமோசோம்களும் தம் துண்டுகள் சிலவற்றை மாற்றிக்கொள்கின்றன. இடக்கால் காலணியின் வார் வலக்காலுக்கும் வலக்காலின் வார் இடக்காலுக்கும் போவது போல. ஆகவே ஒரே பெற்றோருக்குப் பிறந்த அக்காவும் தம்பியும் ஒருவரைப் போல் மற்றவர் இராததில் வியப்பில்லை. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிளந்து தோன்றும் இரட்டையரே இதற்கு விலக்கு.

பிரிதலில் பிழை நேர்வதும் உண்டு. 21ஆம் இணை பிரியாமல் ஒரே இனச்செல்லுக்குள் சென்றுவிட்டால், பிறக்கும் குழந்தைக்கு 47 குரோமோசோம்கள் இருக்கும். டவுன் நோய்க்குறி எனப்படும் நிலைக்கு இதுவே காரணம் என்பது 1959இல் தெரியவந்தது. இணை சேர முடியாவிட்டால் இனச்செல் உருவாவதே தடைப்படும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அதன் குரோமோசோம்களுக்குச் சரியான இணை இல்லை. எனவே கோவேறு கழுதைக்குக் குட்டி பிறப்பது மிக அரிது. கடையில் வாங்கும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதுவே காரணம். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம்கள், அதாவது 11 இணைகள். நாம் உண்ணும் வாழை வகைகள் பெரும்பாலானவற்றுக்கு 33. மூன்று மூன்றாக நிற்பவை இரண்டு பைகளுக்குள் சரியாகப் பங்கிடப்படுவது எவ்வாறு? கன்றைப் பெயர்த்து நட்டுத்தான் வாழையைப் பெருக்க வேண்டும்.

பயிர்களின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர்களுள் ஜானகி அம்மாள் ஒருவர். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945இல் டார்லிங்டன் என்பவருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

பாட்டியின் கருவறையில்

ஆணிடமும் பெண்ணிடமும் குன்றல் பகுப்பு ஒரே காலத்தில் நிகழ்வதில்லை. ஆணிடம் அது பருவ வயதில் தொடங்கி நாள்தோறும் கோடிக்கணக்கான விந்தணுக்களை உருவாக்குகிறது. பெண்ணிடம் அது அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெண் சிசு தன் தாயின் கருவறையில் இருக்கும்போதே, பின்னாளில் சினைமுட்டைகளாக வேண்டிய செல்கள் உருவாகி, குன்றல் பகுப்பைத் தொடங்கி, இணைகள் சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொண்ட நிலையில் அப்படியே நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் அவ்வாறே காத்திருந்து, பருவம் எய்திய பின்னர் ஒவ்வொன்றாக முதிர்கின்றன. பகுப்பின் இறுதிக் கட்டம் விந்தணு உள்ளே புகுந்த பின்னரே முடிவுறுகிறது. பிறக்கும்போது பத்து இருபது லட்சம் செல்கள் இருந்தாலும், வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ நானூறு ஐந்நூறுதான்.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகிறது. தில்லியிலோ மும்பையிலோ பிறந்து, ஆண்டு விடுமுறைக்கு மட்டும் திருநெல்வேலிக்குச் சென்று வரும் ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். அப்பிள்ளையின் ஆச்சி, மகளைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு தாமிரபரணியில் நீராடிய நாளிலேயே, பிள்ளையின் தொடக்கமாகிய அந்தச் செல் அங்கே இருந்தது. பிள்ளை இரயிலில் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அதன் ஒரு பகுதி அவ்வூரில் இருந்திருக்கிறது.

சினைமுட்டையின் அளவும் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டம் உடைய அது, கூர்ந்து நோக்கினால் வெறுங்கண்ணுக்கும் புள்ளி போலத் தெரியக்கூடியது. குன்றல் பகுப்பின்போது தாயின் செல் சமமாகப் பிரிவதில்லை. உணவுப்பொருள் முழுவதையும் ஒரு செல்லே பெற்றுக்கொள்ள, மற்றவை சிறு துகள்களாக ஒதுங்கி அழிகின்றன. விந்தணு அத்தகையதன்று. தலைப்பகுதியில் 23 குரோமோசோம்களையும், நீந்துவதற்கு ஒரு வாலையும், அதனை இயக்கும் ஆற்றலையும் தவிர வேறு சுமை அதற்கில்லை.

மாவுப்புழு சொன்ன விடை

ஆணா பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. தாய் உண்ணும் உணவு என்றனர் சிலர். வெப்பம் குளிர் என்றனர் சிலர்.

நெட்டி ஸ்டீவன்ஸ் 1861இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, தம் 35ஆம் வயதில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். பின்னர் பிரின் மார் கல்லூரியில் ஆய்வு செய்தார். மாவில் வளரும் புழுக்களைக் கீறி, சாயமிட்டு, அவற்றின் குரோமோசோம்களைப் பொறுமையுடன் எண்ணினார். பெண்ணின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆணின் செல்லிலும் 20தான். ஆனால் அவற்றுள் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. விந்தணுக்களைப் பார்த்தார். பாதி விந்தணுக்களில் 10 பெரியவை இருந்தன. மறுபாதியில் 9 பெரியவையும் அந்த ஒரு சிறியதும் இருந்தன. முட்டைகளிலோ வேறுபாடே இல்லை. எல்லாவற்றிலும் 10 பெரியவை.

இதன் பொருள் தெளிவானது. சிறிய குரோமோசோம் உள்ள விந்தணு முட்டையைச் சேர்ந்தால் ஆண். அஃது இல்லாத விந்தணு சேர்ந்தால் பெண். முட்டைக்கு இதில் வேலையே இல்லை. 1905இல் ஸ்டீவன்ஸ் இதனை வெளியிட்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்பவரும் வேறு பூச்சிகளில் ஆராய்ந்து இம்முடிவை நெருங்கியிருந்தார். ஸ்டீவன்ஸ் அதன் பின் ஏழு ஆண்டுகளே வாழ்ந்து, 1912இல் தம் 50ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். பல பாடநூல்களில் நெடுங்காலம் வில்சன் பெயரே முன்னின்றது.

பெரிய குரோமோசோம் எக்ஸ் என்றும் சிறியது ஒய் என்றும் வழங்கப்பட்டன. எக்ஸ் என்னும் பெயர் அதன் வடிவத்தால் வந்தது எனப் பலர் கருதுகின்றனர், அது பிழை. 1891இல் ஹென்கிங் என்னும் செருமானியர் ஒரு பூச்சியின் விந்தணுக்களில் இன்னதென்று விளங்காத ஒரு துண்டைக் கண்டார். இயற்கணிதத்தில் அறியாத எண்ணை எக்ஸ் எனக் குறிப்பது போல, அதற்கு எக்ஸ் எனப் பெயரிட்டார். நெடுங்கணக்கில் அடுத்து வரும் எழுத்து மற்றதற்குப் பெயராயிற்று.

மனிதரிடத்தும் இவ்வமைப்பே உள்ளது. 23 இணைகளில் 22 இணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. 23ஆம் இணை பெண்ணிடம் இரண்டு எக்ஸ். ஆணிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். பெண்ணின் இணை பிரியும்போது எல்லாச் சினைமுட்டைக்கும் எக்ஸ் மட்டுமே கிடைக்கும்; கொடுப்பதற்கு அவளிடம் வேறில்லை. ஆணின் இணை பிரியும்போது பாதி விந்தணுக்கள் எக்ஸையும் பாதி விந்தணுக்கள் ஒய்யையும் பெறும். மனிதரின் ஒய், எக்ஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ளது. கருவின் முதல் ஆறு வாரங்களில் ஆணையும் பெண்ணையும் உருவத்தால் வேறுபடுத்த இயலாது. அதன் பின்னர் ஒய்யில் உள்ள ஒரு மரபணு செயற்பட்டு ஆண் உறுப்புகள் உருவாக வழி செய்கிறது. அந்த மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. இந்த இரு வகைகளுக்குள் அடங்காத அமைப்போடு பிறப்போரும் உண்டு. இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உடையோர், ஒரே ஓர் எக்ஸ் மட்டும் உடையோர் அத்தகையோர்.

எல்லா உயிர்களும் இவ்வழியைப் பின்பற்றுவதில்லை. கோழியினத்தில் நிலைமை தலைகீழானது: சேவலின் இணை ஒரே வகை, பெட்டையின் இணைதான் இரு வகை. தேனீயில் கருவுற்ற முட்டை 32 குரோமோசோம்களுடன் பெண்ணாகிறது. கருவுறாத முட்டை 16உடன் ஆணாகிறது. ஆண் தேனீக்குத் தந்தையே இல்லை! சென்னைக் கடற்கரையிலும் ஒடிசாவின் கஹிர்மாதாக் கடற்கரையிலும் முட்டையிடும் பங்குனி ஆமைக்கோ குரோமோசோம் அன்று, மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. மணல் மிகுதியாகச் சூடேறினால் பெண் குஞ்சுகள். வெப்பம் குறைந்தால் ஆண் குஞ்சுகள். தாய் உண்ணும் உணவாலும் பருவத்தாலும் குழந்தையின் பால் மாறும் என்று எண்ணிய பழைய அறிஞர் ஆமையைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஓரளவு பொருந்தியிருக்கும்.

நாணயமும் நாட்டுக் கணக்கும்

ஆகவே "இவள் வயிற்றில் பெண்ணாகவே பிறக்கிறது" என்பது அடிப்படையற்றது. அப்படியானால் குற்றம் தந்தையுடையதா? அதுவும் அன்று. எந்த விந்தணு முந்திச் சேரும் என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை, அறிவதும் இல்லை. ஒரு நாணயத்தைச் சுண்டுவது போன்றது அது. முதல் மூன்று முறை பூ விழுந்ததால் நான்காம் முறை தலை விழுந்தே தீரும் என்பதில்லை. நாணயத்துக்கு நினைவு கிடையாது. நான்கு குழந்தைகள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ பதினாறில் ஒன்றில் நால்வரும் பெண்களாகவே இருப்பர். அக்குடும்பத்தார் எந்தக் கோயிலுக்குப் போனார்கள், எந்தக் கோயிலுக்குப் போகவில்லை என்பது இக்கணக்கில் வராது.

இயற்கையின் கணக்கில் ஆண் குழந்தைகள் சற்றே மிகுதி. 1,000 ஆண் குழந்தைகள் பிறக்கும்போது ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறப்பர். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்டோரை எடுத்துக்கொண்டால், 1,000 ஆண்களுக்கு 1991இல் 945 பெண்களும் 2001இல் 927 பெண்களும் இருந்தனர். 2011இல் இவ்வெண் 920க்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டில் அரியானாவில் 834, தமிழ்நாட்டில் 943. குரோமோசோம்கள் அரியானாவில் ஒரு விதமாகவும் தமிழ்நாட்டில் ஒரு விதமாகவும் பிரிவதில்லை. 950க்கும் 834க்கும் இடையே உள்ள வேறுபாடு மனிதர் செய்தது. தமிழ்நாடும் இதில் நெடுங்காலம் தலைநிமிர்ந்து நிற்கவில்லை. பெண் சிசுக்களைக் காப்பதற்கென்று 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. வேண்டாம் எனக் கருதப்பட்ட குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்பதே அத்திட்டம்.

கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா எனக் கண்டறிந்து சொல்வதை நாடாளுமன்றம் 1994இல் இயற்றிய சட்டம் தடை செய்கிறது. சொல்லும் மருத்துவருக்கு முதல் குற்றத்திற்கே மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சோதனைக்கு வற்புறுத்தப்பட்ட பெண்ணை இச்சட்டம் தண்டிப்பதில்லை. கணவரோ உறவினரோதான் வற்புறுத்தினர் என்று நீதிமன்றம் முதலில் கொள்ளும். இல்லை என மெய்ப்பிக்கும் கடமை அவர்களுடையது. தட்டு ஒலிக்காத வீட்டில் தாயை நோக்கி நீளும் விரலைச் சட்டம் இவ்வாறு வேறு பக்கம் திருப்பியது.

ஸ்கேன் மையம் ஒவ்வொன்றின் வாசலிலும் இச்சட்டத்தைத் தெரிவிக்கும் பலகை, வட்டார மொழியில் அனைவரும் காணுமாறு வைக்கப்பட வேண்டும். தில்லியில் அது இந்தியிலும், சூரத்தில் குஜராத்தியிலும், புணேயில் மராத்தியிலும் இருக்கும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தமிழில் இருக்கும்.

பயிற்சி

1. 'எண்ணிக்கை', 'பங்கீடு', 'விலக்கு', 'மெய்ப்பிக்கும் கடமை' ஆகியவற்றைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

2. மலை மந்திர் வாசலில் இருந்த காலணிக் காப்பாளர் கைக்கு வந்தபடி 23 காலணிகளை அள்ளியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இதனைக் குன்றல் பகுப்போடு ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.

3. மாவுப்புழுவின் ஆண், பெண், விந்தணு, முட்டை ஆகிய நான்கிலும் ஸ்டீவன்ஸ் கண்ட எண்ணிக்கைகளை ஒரு கட்டம் வரைந்து நிரப்புக. முட்டைக்குப் பால் நிர்ணயத்தில் பங்கில்லை என்பதை அக்கட்டத்திலிருந்து எவ்வாறு பெறலாம்?

4. ஒரு நாணயத்தை நான்கு முறை சுண்டி ஒரு 'குடும்பம்' எனக் குறித்துக்கொள்க. வகுப்பில் உள்ள அனைவரும் தலைக்கு ஐந்து குடும்பங்கள் குறித்து, நான்கும் பூவாக விழுந்த குடும்பங்கள் எத்தனை எனக் கணக்கிடுக.

5. "எங்கள் வீட்டு மருமகளுக்கு மூன்றும் பெண், நான்காவது கட்டாயம் ஆண்தான்" என்று அண்டை வீட்டுப் பாட்டி கூறுகிறார். அவர் மனம் நோகாதவாறு, மரியாதைச் சொற்களோடு, அவருக்கு மறுமொழி கூறுவது போல ஓர் உரையாடல் எழுதுக.

6. உங்கள் தாயைப் பெற்ற பாட்டியை உங்கள் வீட்டில் எவ்வாறு அழைப்பீர்கள்? ஆச்சி, அம்மாச்சி, அம்மம்மா, அம்மாயி என ஊருக்கு ஊர் வழங்கும் முறைப்பெயர்களைத் தொகுத்து, எந்த வட்டாரத்தில் எது வழங்குகிறது எனப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.